எல்லாக் குழியும் நீலம்: பாக்டீரியா பிடிக்கும் புரதம் சொதப்பினால் எங்கே பார்ப்பது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கணக்குக்குக் கேரளமாகவும் காதுக்குத் தமிழாகவும் இருக்கும் ஓர் ஊரில் எங்கள் சின்ன ஆய்வகம் இருக்கிறது. விடிந்ததும் பால் சொசைட்டி கேன்கள் வந்துவிடும். மடிநோய் உள்ள மாட்டிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சாணம் பட்டதால் வரும் இ.கோலை, எப்போதாவது சால்மோனெல்லா ஆகிய மூன்றையும் அன்றைக்கே கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். தட்டில் வளர்த்து நாள்கணக்கில் காத்திருந்தால் பால் தயிராகி, தயிர் சோற்றோடு போயிருக்கும்.

அன்றைக்கே தெரிய வேண்டுமென்றால், குறிப்பிட்ட பாக்டீரியாவை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம் வேண்டும். ஆன்டிபாடி எல்லோருக்கும் தெரிந்த வழி. இன்னொரு வழி, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸிடமிருந்து கடன் வாங்குவது. ஃபேஜின் வால்முள் புரதம் தன் இரையின் மேல்தோலை அடையாளம் காணும். அதன் லைசின் நொதியில், செல்சுவரைப் பற்றிக்கொள்ளும் பகுதி தனியாக இருக்கும். வெட்டும் பகுதியை நீக்கிவிட்டுப் பற்றும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மார்ட்டின் லோஸ்னரின் குழு 2007இல் லிஸ்டீரியாவை இப்படித்தான் காந்த மணிகளில் பிடித்துக் காட்டியது. எதுவும் கையில் இல்லையென்றால் கோடிக்கணக்கான பெப்டைடுகளை (குட்டிப் புரதத் துண்டுகள்) ஃபேஜ் மேல் ஏற்றி, அந்த நூலகத்தில் எது ஒட்டுகிறது என்று தேடலாம்.

எந்த வழியில் போனாலும் ஒருநாள் சொதப்பும். சொதப்பியதும் எல்லோரும் புரதத்தைத்தான் திட்டுவோம். நான் பார்த்தவரை பாதி நேரம் புரதம் நிரபராதி. ஒட்டியது வேறெதுவோ, அல்லது பாக்டீரியா தன் சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறது.

கீழே இருப்பதைப் படிக்கும் முன் ஒரு வேலை. உங்கள் சோதனைத் தட்டில் (வரிசையாகச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு) பாக்டீரியா இல்லாத குழி, புரதம் இல்லாத குழி, நெருங்கிய உறவுக்கார பாக்டீரியா உள்ள குழி, அதே அளவில் எதையும் பிடிக்காத ஒரு புரதம் போட்ட குழி ஆகிய நான்கும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் அவற்றோடு பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இவை இல்லாத தட்டை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற கதைதான்.

எல்லாக் குழியும் நீலம்

எலைசா என்பது, பிடிக்கும் புரதத்தோடு ஒரு நொதியைக் கட்டி, அது உண்டாக்கும் நிறத்தால் ஒட்டியதைக் காட்டும் தட்டுச் சோதனை. எச்ஆர்பி நொதியும், அது பட்டால் நீலமாகும் டிஎம்பி நிறமும் வைத்துச் செய்யும் எலைசாவில், பாக்டீரியா இல்லாத குழி உட்பட எல்லாமே நீலமாகிறது என்று வையுங்கள். கடைசியில் போட்ட பொருளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். டிஎம்பி மட்டும் போட்டாலே நீலம் வருகிறதா? நிறக் கரைசல் கெட்டுவிட்டது, அல்லது பைப்பெட் முனையில் எச்ஆர்பி ஒட்டியிருக்கிறது. எச்ஆர்பி சேர்த்த பிறகுதான் வருகிறதா? அது பிளாஸ்டிக்கில் நேராக ஒட்டுகிறது. குழியின் வெற்றிடங்களை மூடும் தடுப்புப் புரதத்தை மாற்றுங்கள், கழுவும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) ட்வீன் 20 என்ற சோப்பு இருக்கிறதா பாருங்கள், ஒரு கழுவலைக் கூட்டுங்கள். இவை எல்லாக் கையேட்டிலும் இருப்பவை.

கையேட்டில் இல்லாமல் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது வேறு. பஃபரில் கலந்த பாக்டீரியாவை வைத்துச் செய்தால் தட்டு சுத்தமாக வரும். சொசைட்டிப் பாலை வைத்தால் அத்தனையும் நீலம். சொசைட்டிச் செயலாளர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இதைப் பாத்தா எங்க பால் பூராவும் விஷமாட்ட இருக்குதே?" என்று கேட்டார். அவர் பாலில் விஷம் இல்லை, லாக்டோபெராக்சிடேஸ் இருந்தது. பசும்பாலில் இயல்பாகவே உள்ள இந்த நொதியும், நாம் அடையாளத்துக்கு ஒட்டவைக்கும் எச்ஆர்பியும் செய்வது ஒரே வேலை. ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைத்தால் டிஎம்பியை நீலமாக்கும். வழக்கமான 72 டிகிரி, 15 விநாடி பாஸ்சரைசேஷனிலும் அதில் பெரும்பங்கு பிழைத்துவிடும்.

சரி, எச்ஆர்பி வேண்டாம், ஆல்கலைன் பாஸ்படேஸுக்கு மாறிவிடலாம் என்று தோன்றும். பச்சைப் பாலில் அதுவும் இருக்கிறது! பாலைச் சரியாகப் பாஸ்சரைஸ் செய்தார்களா என்று பார்க்கும் பரிசோதனையே அந்த நொதி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதோடு, பாஸ்பேட் உள்ள பஃபரில் ஆல்கலைன் பாஸ்படேஸ் மந்தமாகிவிடும் என்பதால், பழக்கதோஷத்தில் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் பஃபரை ஊற்றினால் நேர்மாறான இன்னொரு கோளாறு கிடைக்கும். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது காந்த மணி. பாலிலிருந்து பாக்டீரியாவை மணியில் பிடித்து, பாலை முழுவதும் கொட்டி, மூன்று தடவை கழுவி, குழாயையும் மாற்றிய பிறகுதான் நொதி சேர்க்கிறோம். நொதியே வேண்டாம் என்பவர்கள் தங்கத் துகளுக்கோ ஒளிரும் நிறத்துக்கோ போகலாம்.

இன்னொரு சின்ன விஷயம். பால் பவுடர் கரைசலால் குழியைத் தடுப்பது மலிவான வழக்கம். ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால் அதை விடுங்கள். பாலில் பயோட்டின் இருக்கிறது. பாலில் பாக்டீரியா தேடுகிறவர் பாலாலேயே தட்டை மெழுகுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் விநோதமாகத்தான் படும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் மட்டும் எதைப் போட்டாலும் ஒளிர்கிறது

சால்மோனெல்லாவுக்கான ஆன்டிபாடியைப் போட்டாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குழி ஒளிர்கிறதா? உங்கள் ஆன்டிபாடி பாக்டீரியாவைப் பிடிக்கவில்லை, பாக்டீரியா ஆன்டிபாடியைப் பிடித்திருக்கிறது. இந்தப் பாக்டீரியாவின் சுவரில் புரோட்டீன் ஏ என்று ஒன்று இருக்கிறது. அது ஆன்டிபாடியின் வாலைப் பற்றிக்கொள்ளும். ஆன்டிபாடியைச் சுத்திகரிக்க நாம் காசு கொடுத்து வாங்கும் அதே புரோட்டீன் ஏதான். முயல் ஆன்டிபாடி என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

உறுதி செய்வது எளிது. சம்பந்தமே இல்லாத முயல் ஆன்டிபாடி ஒன்றை அதே அளவு போடுங்கள். அதுவும் ஒட்டினால் சந்தேகம் தீர்ந்தது. கோழி முட்டைக் கருவிலிருந்து எடுக்கும் ஐஜிஒய் ஆன்டிபாடியை புரோட்டீன் ஏ பிடிப்பதில்லை, ஆகவே மடிநோய் வேலைக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். வாலை வெட்டிய ஆன்டிபாடித் துண்டும் சரிப்படும். ஒட்டகக் குடும்பத்து ஆன்டிபாடியிலிருந்து எடுத்த சின்னத் துண்டான நானோபாடிக்கு வால் இல்லையே, பிரச்சினை இல்லை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றின் உடம்பையே புரோட்டீன் ஏ பிடிக்கும். ஆன்டிபாடிக் குடும்பத்தையே விட்டு விலகி, லைசின் நொதியின் சுவர் பற்றும் பகுதியைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே கிடையாது. லைசோஸ்டாஃபின் நொதியின் பற்றும் பகுதி, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சுவரில் ஐந்து கிளைசின் சேர்ந்த பாலத்தைத் தேடிப் பிடிக்கும்.

இதே பாக்டீரியா இன்னொரு வேடிக்கையும் செய்யும். எண்ணிக்கை கூடக் கூட நீலம் குறையும். குழியில் சின்னச் சின்னக் குமிழ் தெரிகிறதா பாருங்கள். அதன் கேட்டலேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்றுகொண்டிருக்கிறது. எச்ஆர்பிக்கு மிச்சம் இல்லை.

எதுவுமே ஒட்டவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார், காரணங்களும் அதிகம். வரிசையாகப் போவோம்.

முதலில் சமிக்ஞை உயிரோடு இருக்கிறதா? எச்ஆர்பி கலந்த ஒரு துளியை நேராக டிஎம்பியில் விடுங்கள். நீலம் வரவில்லையென்றால், எங்கோ ஒரு பஃபரில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு போட்டிருப்பார்கள். அது எச்ஆர்பியைக் கொன்றுவிடும்.

அடுத்து, புரதம் சரியாக மடிந்திருக்கிறதா? இ.கோலையில் 37 டிகிரியில் அவசரமாகத் தயாரித்த புரதம் பெரும்பாலும் கட்டிகட்டியாகச் செல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். புரதத் தயாரிப்பைத் தூண்டும் ஐபிடிஜி அளவைக் குறைத்து, 18 டிகிரியில் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். வால்முள் புரதங்களுக்கு ஓர் அருமையான சோதனை உண்டு. சால்மோனெல்லாவைத் தாக்கும் பி22 ஃபேஜின் வால்முள்ளில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னல் எஸ்டிஎஸ் சோப்புக்குக்கூட மசியாது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் பிரியும். ஆகவே ஒரே மாதிரியைக் கொதிக்க வைத்தும் வைக்காமலும், புரதத்தை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கொதிக்காத பாதையில் பட்டை மேலேயே நின்றால் மூவிழை நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில், 72 கிலோடால்டன் பக்கம் வந்தால் உங்களிடம் இருப்பது பிரிந்த இழைகள். அவை எதையும் பிடிக்காது. எலைசாவுக்குச் செலவழிக்கும் ஒரு நாளை இந்த ஒரு ஜெல் மிச்சப்படுத்தும்.

டி4, எஸ்16 போன்ற ஃபேஜ்களின் நீண்ட வால் இழைகள் வேறு ஜாதி. அவை தாமாக மடியாது, ஃபேஜின் துணைப்புரதங்களையும் அதே செல்லில் சேர்த்துத் தயாரிக்க வேண்டும். ஜீனை மட்டும் நகலெடுத்துவிட்டு, துணையை மறந்து, ஆறு மாதம் அழுதவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தி நான்தான்.

அப்புறம் உலோக அயனி. மனோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் லெக்டின் வகைகளுக்குக் கால்சியம் இல்லாமல் கை எழாது. பஃபரில் இடிடிஏ இருந்தால் அது கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். பிபிஎஸ்ஸில் கால்சியத்தைக் கூட்டிப் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். ட்ரிஸ் பஃபருக்கு மாறிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒட்டவில்லையென்றால் இப்போது பாக்டீரியாவைச் சந்தேகப்படுங்கள். எனக்கு இங்கேதான் சுவாரஸ்யமே ஆரம்பிக்கிறது. பி22 வால்முள் பிடிப்பது சால்மோனெல்லாவின் மேல்தோலிலிருந்து நீண்டு தொங்கும் ஓ சர்க்கரைச் சங்கிலியை. ஆய்வகத்தில் மாதக்கணக்கில் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்க்கும் பாக்டீரியா, இங்கே எதிரியே இல்லையே என்று அந்தச் சங்கிலியைக் கைவிட்டுவிடலாம். தட்டில் வழவழப்பாக இருந்த கூட்டங்கள் சொரசொரப்பாக, ஓரம் பிய்ந்தாற்போலத் தெரியும். அதில் வால்முள் பிடிக்க எதுவும் இல்லை. உறைபெட்டியில் இருக்கும் பழைய குப்பியிலிருந்து புதிதாக எடுத்து வளர்த்து, மூன்று நான்கு மாற்றலுக்கு மேல் போகாதீர்கள்.

இ.கோலையில் இதே பொறி இன்னும் பெரிது. எல்லா ஆய்வகத்திலும் கிடைக்கும் கே12 வம்சம் 1922இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் அதன் பேரப்பிள்ளைகளுக்கு ஓ சங்கிலியே இல்லை. ஓ157 என்ற நோய் உண்டாக்கும் இ.கோலையைப் பிடிக்கும் புரதம் கே12ஐப் பிடிக்கவில்லை என்பதைப் பெரிய வெற்றியாகக் காட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கிலி உள்ள வேறு இ.கோலைகளைக் கொண்டுவாருங்கள்.

பாதுகாப்புக்காகப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுச் சோதிக்கிறீர்களா? எப்படிக் கொன்றீர்கள் என்பது முக்கியம். ஓ சங்கிலி கொதிநீரைத் தாங்கும். புரத வாங்கிகளும் கசையிழையும் தாங்காது. ஆகவே வேகவைத்த சால்மோனெல்லாவை வால்முள் பிடிக்கும், ஓம்ப்சி என்ற புரதத்தைத் தேடும் இழை கைவிரித்துவிடலாம். ஃபார்மலின் இன்னொரு விதத்தில் கெடுக்கும். அமைன் குழுக்களைக் கோத்து, பிடிமானத்தையே மூடிவிடும்.

லைசினின் சுவர் பற்றும் பகுதியை இ.கோலை மேல் போட்டுவிட்டு ஒட்டவில்லை என்று வருபவர்களும் உண்டு. இ.கோலை மாதிரி கிராம் நெகடிவ் பாக்டீரியாவின் சுவர், வெளிச்சவ்வுக்கு உள்ளே இருக்கிறது. கதவு சாத்தியிருக்கும்போது உள்சுவரை எப்படித் தொடுவது? அந்தக் கருவி ஸ்டெஃபிலோகாக்கஸ், லிஸ்டீரியா மாதிரி வெளிச்சவ்வு இல்லாதவற்றுக்கு.

முதலில் ஒட்டுகிறது, அரை மணியில் விட்டுவிடுகிறது

பி22 வால்முள் கத்தரியும்கூட. பிடித்த சர்க்கரைச் சங்கிலியை வெட்டிக்கொண்டே போகும். 37 டிகிரியில் வைத்தால் தான் நின்ற கிளையைத் தானே வெட்டிய கதை. 4 டிகிரியில் செய்து பாருங்கள். சமிக்ஞை நிலைத்தால் காரணம் இதுவே. நிரந்தரத் தீர்வு, 392ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றுவது. பிடி இருக்கும், வெட்டு பெரும்பாலும் போய்விடும்.

நான்கு சுற்றுத் தேடலுக்குப் பிறகு ஒரே பெப்டைடு. ஆனால் அது பாக்டீரியாவில் ஒட்டவில்லை

ஃபேஜ் மேல் பெப்டைடு ஏற்றித் தேடும் வித்தையை ஜார்ஜ் ஸ்மித் 1985இல் காட்டினார். 2018இல் அவருக்கும் கிரிகரி வின்டருக்கும் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. வித்தை அழகானது, ஏமாற்றுவதிலும் கெட்டிக்காரத்தனமானது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்ததும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வரிசையில் டிரிப்டோஃபானும் டைரோசினும் நிறைய இருந்தால் அது உங்கள் பிளாஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கலாம். ஹிஸ்டிடின், புரோலின், குளூட்டமின் அடுத்தடுத்து இருந்தால் ஸ்ட்ரெப்டாவிடினைப் பிடித்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், அந்த ஃபேஜ் வேகமாகப் பெருகும் ரகமாக இருக்கலாம். இலக்கு பாக்டீரியாவைக் காட்டாமலேயே நூலகத்தை வழக்கமான வளர்ப்பு இ.கோலையில் பெருக்கிப் பாருங்கள், அப்போதும் அதுவே ஜெயித்தால் இது பிடித்ததற்காக வந்ததல்ல, ஓடியதற்காக வந்தது.

இ.கோலையை இலக்காக வைப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பெப்டைடை ஏற்ற வழக்கமாக எடுக்கும் எம்13 ஃபேஜ் இயல்பாகவே இ.கோலையின் எஃப் பிலஸ் என்ற மயிரிழையின் நுனியைப் பிடித்து உள்ளே போவது. உங்கள் இலக்கு பாக்டீரியாவில் அந்த மயிரிழையைத் தரும் எஃப் பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்) இருந்தால் நூலகம் முழுவதும் அதைப் பிடிக்கும். பெப்டைடு சும்மா ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. எஃப் இல்லாத வகையை எடுங்கள்.

பொதுவாக, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வெறும் குழாயிலும் உறவுக்கார பாக்டீரியாவிலும் நூலகத்தை ஊறவைத்து, ஒட்டியதை எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இலக்குக்குக் கொடுங்கள். கழுவல்களுக்கு நடுவில் குழாயை மாற்றுங்கள். மூன்றாவது சுற்றிலேயே நிறுத்திப் பத்து இருபது வகைகளைத் தனித்தனியாகச் சோதிப்பது, ஆறு சுற்று ஓட்டி ஒன்றை நம்புவதைவிட மேல் என்பது என் கட்சி.

பங்காளியையும் பிடிக்கிறது

சில நேரம் இது பிழையே அல்ல. புருசெல்லாவின் ஓ சங்கிலியும் யெர்சினியா என்டரோகொலிட்டிகா ஓ9இன் சங்கிலியும் ஏறக்குறைய ஒரே சர்க்கரையால் ஆனவை. அந்தச் சங்கிலியைத் தேடும் எந்தப் புரதமும் இரண்டையும் பிடிக்கத்தான் செய்யும். கழுவிக் கழுவிப் பார்த்துப் பயனில்லை. வேறு இலக்கைத் தேடுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. பி22 வால்முள் சால்மோனெல்லாவில், ஓ சங்கிலிப்படி பிரித்த ஏ, பி, டி1 குழுக்களைத்தான் பிடிக்கும். சி குழு வந்தால் அமைதியாக விட்டுவிடும். பெட்டியின் மேல் "சால்மோனெல்லா" என்று மொட்டையாக எழுதினால் பொய்யாகிவிடும்.

பஃபரில் ஒட்டுகிறது, பாலில் ஒட்டவில்லை

கொழுப்பை நீக்கலாம் என்று பாலைச் சுழற்றி, மேலே வந்த ஆடையை வழித்து எறிந்தீர்களா? பாக்டீரியாவில் பெரும்பங்கு அதோடு போயிருக்கும். பச்சைப் பாலில் உள்ள மாட்டின் ஆன்டிபாடிகள் பாக்டீரியாவைக் கொழுப்புத் துளிகளோடு கோத்துவிடும். அடியில் வண்டலாக இறங்க வேண்டியது ஆடையோடு மிதக்கும். ஆடையையும் வண்டலையும் சேர்த்தே எடுங்கள். கேசீனைக் கரைக்க சோடியம் சிட்ரேட் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதுவும் கால்சியத்தைப் பறிக்கும் என்பதால், லெக்டின் வைத்திருப்பவர்கள் மணிகளைச் சேர்க்கும் முன் கால்சியத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை கணக்கு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சால்மோனெல்லா 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 25 மில்லியில் ஒரே ஒரு செல் இருக்கிறது, நீங்கள் 100 மைக்ரோ லிட்டர் எடுத்துக் குழியில் விடுகிறீர்கள் என்று வையுங்கள். அது 250 குழிகளில் ஒன்றில்தான் இருக்கும். எவ்வளவு நல்ல புரதமும் இல்லாததைப் பிடிக்காது. 25 கிராமை 225 மில்லி பெப்டோன் நீரில் போட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு வளர்த்துவிட்டுப் பிறகு பிடியுங்கள். தங்கத் துகளால் கோடு காட்டும் சோதனைப் பட்டைகளுக்கு வழக்கமாக மில்லிக்கு லட்சம் செல்லாவது வேண்டும். அரை மணியில் நேரடி முடிவு என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

போன மாதம் ஒட்டியது, இப்போது இல்லை

எங்களுக்கு இது ஏப்ரலில் வரும் நோய். உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்ட பெட்டி வாளையார் தாண்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். வெளியே பாலக்காட்டு வெயில் 40 டிகிரி. கரண்ட் போய்ப் போய் வரும் நாள்களில் உறைபெட்டியிலுள்ள புரதம் உருகி உறைந்து கட்டியாகும். புரதத்தைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்து, மைனஸ் 20இல் வையுங்கள்; உறையவே உறையாது. பயன்படுத்தும் முன் ஒரு நிமிடம் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தக் குப்பி போய்விட்டது.

காய்ச்சிய பாலிலும் இருக்கிறது என்கிறது

சரியாகத்தான் சொல்கிறது. செத்த பாக்டீரியாவுக்கும் தோல் இருக்கிறது, ஓ சங்கிலி கொதியையும் தாங்கும் என்று மேலேயே பார்த்தோம். உயிருள்ளதா என்று தெரிய வேண்டுமென்றால் அதே பாலை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை உடனே சோதியுங்கள், மறுபாதியைப் பெப்டோன் நீரில் இரவு வைத்து, நீர் கலந்த அளவைக் கணக்கில் கொண்டு காலையில் சோதியுங்கள். காலையில் கூடியிருந்தால் உயிருள்ளது. அப்படியே இருந்தாலோ குறைந்திருந்தாலோ பிணம். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸாக இருந்தால் பிணம் என்று தெரிந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள். காய்ச்சும் முன் மில்லிக்கு லட்சத்தைத் தாண்டிப் பெருகியிருந்தால் அது நச்சைச் சுரந்திருக்கும். அந்த நச்சு கொதித்த பாலிலும் பிழைக்கும். சொசைட்டிச் செயலாளருக்கு இதைச் சொன்ன அன்றைக்குத்தான், கேன் வந்த நேரத்தையும் குளிரூட்டியில் போன நேரத்தையும் தனித்தனியாக எழுத அவர் ஒரு நோட்டுப் போட்டார்.